அக்கா வீட்டுப் படகுக் கொட்டகை

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் குடும்பங்களுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? நம் பாட்டனார்களில் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் கொண்டிருந்த போர்ட் கிள்ளானில் இறங்கினார்கள். அதோடு கடலையும் மறந்தார்கள். பால்மரமும் செம்பனையுமே நம் உலகமாகிப் போயின. ஆகவே 2023ஆம் ஆண்டில் என் அக்கா ஒரு பைபர் படகை வாங்கி, அதற்கென்று இரும்புக் கொட்டகையும் போடப் போவதாகச் சொன்னபோது உறவினர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா குடியிருப்பது கிள்ளானை ஒட்டிய ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில். தோட்டம் விற்கப்பட்டபோது கிடைத்த தொகையோடு ஊழியர் சேமநிதிப் பணத்தையும் போட்டு வாங்கிய ஒற்றைமாடி மூலைவீடு. 2021 டிசம்பர் 18ஆம் நாள் அங்கே நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியதாக அரசாங்கம் அப்போது அறிவித்தது. ஸ்ரீ மூடா கிள்ளான் ஆற்றோரத்துத் தாழ்ந்த நிலம். கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் ஆற்றுநீர் வடிவதற்கு வழியில்லை. மக்கள் கூரைமேல் உட்கார்ந்து கைகளை ஆட்டிக் கூப்பிட்டார்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அக்காவும் அத்தானும் அத்தானின் தாயாரும் பின்வீட்டு மாடியில் இரண்டு இரவுகள் கிடந்தார்கள். அத்தையம்மாவுக்கு வயது எண்பதுக்கு மேல். தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும். மருந்து இருந்த குளிர்பெட்டியோ தண்ணீரில் மிதந்து போயிற்று. மூன்றாம் நாள் காலையில் முன்பின் தெரியாத இரண்டு மலாய் இளைஞர்கள் சொந்தப் படகில் வந்து அவரைத் தூக்கிச் சென்றார்கள். ஒரு நாள் தாமதமாகியிருந்தால் கதை வேறு என்றார் மருத்துவமனையில் பார்த்த டாக்டர். அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே பேச்சுத்தான்: “அடுத்த தடவை யாரையும் எதிர்பார்த்து உட்கார மாட்டேன்டா தம்பி.”

படகு பன்னிரண்டு அடி. நான்கு பேர் உட்காரலாம். வாங்கியது எளிது, வைப்பதுதான் பெரும்பாடு. திறந்த வெளியில் போட்டால் வெயிலில் பைபரின் மேற்பூச்சு சுண்ணாம்பாக உதிர்ந்து, நாளடைவில் வெடிக்கும். மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதார அதிகாரி வந்து அபராதம் எழுதுவார். கார் நிற்கும் போர்ச்சில் வைக்க அத்தான் சம்மதிக்கவில்லை. மிச்சம் இருந்தது மூலைவீட்டின் பக்கவாட்டு நிலம்.

வெல்டிங் வேலை செய்யும் தம்பி ஒருவர் வந்து அளந்தார். ஏழடி உயரம், நாற்புறமும் கம்பி அடைப்பு, பெரிய பூட்டு. திருடன் தொட முடியாது என்றார். அக்கா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். “தண்ணி ஏறினா படகு எங்க தம்பி போகும்?” என்று கேட்டார். அவருக்குப் பதில் வரவில்லை. உள்ளபடியே, தண்ணீர் உயர உயரப் படகும் உயர்ந்து கூரையில் முட்டிக்கொண்டு கூண்டுக்குள் சிக்கிவிடுமே! ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என் அக்கா. பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ் வைத்திருக்கும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படம் மாறியது. தூண்கள் பத்தடியாயின. தெருப்பக்கம் முழுத் திறப்பு. அங்கிருந்த வேலியில் ஒரு பகுதியைக் கொக்கியில் மாட்டி, தூக்கினால் கழன்று வரும்படி செய்தார்கள். கதவாக வைத்தால் தண்ணீர் அழுத்தும்போது திறக்க வராது. சங்கிலிப் பூட்டு தூணின் அடியில் இல்லை, தலைக்கு மேலே. வெள்ளத்தில் முங்கிப் பூட்டைத் தேட யாரால் முடியும்? துடுப்பும் மிதவைச் சட்டைகளும் கொட்டகையில் இல்லாமல் வீட்டுக்குள் அலமாரி மேல் இருக்கின்றன.

தூணுக்குத் துத்தநாகம் பூசிய சதுரக் குழாய்; பற்றவைத்த இடங்களில் பூச்சு எரிந்துவிடுவதால் அங்கெல்லாம் துருத்தடுப்புச் சாயம் இரண்டு முறை. ஈரத்தில் மண் இளகிவிடும் என்பதால் இரண்டடி ஆழக் குழியில் கான்கிரீட்டு போட்டார்கள். விடியற்காலையில் வீசும் சுமத்ராக் காற்று தகரக் கூரையை அடியிலிருந்து தூக்கும். அதற்கும் அந்தப் பாரம் வேண்டும். கூரைச் சரிவு நம் கால்வாய்ப் பக்கமே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் தண்ணீர் விழுந்தால் வீண் சண்டை.

இன்னொன்று. வீட்டோடு சேர்த்து எதைக் கட்டினாலும் 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி தேவை. “தகரந்தானே” என்று பலர் போட்டுவிடுகிறார்கள். இடிக்கச் சொன்னால் போட்ட காசும் போச்சு. அக்கா வரைபடம் கொடுத்து, கட்டணம் கட்டி, அனுமதி வந்த பிறகே குழி தோண்டச் சொன்னார். எல்லாம் சேர்த்து 4,200 வெள்ளி. அடகுக்குப் போன வளையல் இன்னும் மீளவில்லை.

சிரித்த உறவினர்கள் இப்போது வந்து பார்க்கிறார்கள். சென்ற தீபாவளிக்கு நான் போயிருந்தபோது அக்கா என்னிடம் சாயமும் தூரிகையும் கொடுத்து, தூணில் பெயர்களை எழுதச் சொன்னார். முதல் பெயர் அத்தையம்மா. இரண்டாவது, எதிர்வீட்டில் தனியாக இருக்கும் சீனக் கிழவர். அடுத்து பின்வீட்டுக் கைக்குழந்தையும் அதன் தாயும். அத்தானின் பெயர் எட்டாவதாக, இரண்டாம் நடைக்குப் போய்விட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கொட்டகையில் தம் கார் நிற்கலாமே என்று மட்டும் இன்றுவரை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.