நிறத்தை நம்பலாமா?

மொழிபெயர்ப்பாளரின் மேஜையில் முன்பெல்லாம் அகராதிகள்தான் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இப்போது அந்த இடத்தை இ-மெயில் பிடித்துக்கொண்டுவிட்டது. கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹௌரா பக்கம் சாந்த்ராகாச்சியில் உட்கார்ந்து வங்க மொழியிலிருந்து தமிழுக்குப் பெயர்த்துப் பிழைக்கும் எனக்கு ஒரு நாளில் எழுபது, எண்பது கடிதங்கள் வருகின்றன. அவற்றில் பதில் எழுதியே தீர வேண்டியவை ஏழெட்டுதான். மற்றதெல்லாம் புடவைத் தள்ளுபடி, கிரெடிட் கார்டு, யாரோ யாருக்கோ எழுதியதன் நகல்.

இந்தக் கூட்டத்தில் வேண்டியவர்களைச் சட்டென்று அடையாளம் காண நிறம் உதவுகிறது. அனுப்புகிறவரைப் பொறுத்துக் கடிதத்துக்கு நிறம் கொடுப்பது புதிய சங்கதி அல்ல. 1990களில் பிரபலமாக இருந்த யூடோராவிலேயே வண்ண லேபிள்கள் உண்டு. இன்று இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்டில் ஐந்து குறிகள் தயாராகவே இருக்கின்றன. முக்கியமானது சிவப்பு, அலுவல் ஆரஞ்சு, சொந்த விஷயம் பச்சை, செய்ய வேண்டியது நீலம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது ஊதா. 'இன்ன முகவரியிலிருந்து வந்தால் இன்ன குறி' என்று ஒரு விதி எழுதிவிட்டால் போதும். கடிதம் வரும்போதே வண்ணத்தோடு வரும். என் கணக்கில் பத்திரிகை, பதிப்பக ஆசிரியர்கள் ஆரஞ்சு. வங்க எழுத்தாளர்கள் நீலம். திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவும் தம்பி குடும்பமும் பச்சை.

சென்ற ஆண்டு திடீரென்று ஆரஞ்சு நின்றுபோனது. ஒரு பதிப்பகத்தின் கடிதங்கள் வெறும் கறுப்பில் வந்து தள்ளுபடிப் புடவைகளுக்கு நடுவே கிடந்தன. அச்சுக்குப் போகவிருந்த அத்தியாயம் பற்றிய கேள்வி ஒன்றும் அவற்றில் இருந்தது.

இப்படி நிறம் மக்கர் செய்தால் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு. முதலாவது, விதி பொதுவாக இனி வரப்போகும் கடிதங்களுக்குத்தான். ஏற்கனவே வந்து கிடப்பவற்றின் மீது அதை நாமே ஒருமுறை ஓட்ட வேண்டும். இரண்டாவது, விதிகள் மேலிருந்து கீழாக வேலை செய்கின்றன. மேலே உள்ள ஒன்று கடிதத்தை வேறு ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டாலோ, 'இத்துடன் நிறுத்து' என்றாலோ, கீழே உள்ளதற்கு வேலையில்லாமல் போகலாம். மூன்றாவது, நிறம் கடிதத்தில் இல்லை. நம் புரோகிராமில் இருக்கிறது. அதே கடிதத்தை செல்போனில் திறந்தால் நிறம் தெரியாமல் போகலாம். நான்காவது, அனுப்புகிறவரின் முகவரியே மாறியிருக்கலாம்.

என் விஷயத்தில் நடந்தது நான்காவது. பதிப்பகம் தன் இ-மெயில் சேவையை மாற்றியிருந்தது. ஆசிரியரின் பெயர் அதேதான். 'அட்' குறிக்குப் பின்னால் இருப்பது மட்டும் வேறு.

கம்ப்யூட்டர் தெரிந்த நண்பர் சுலபமான வழி சொன்னார்: "முகவரியை விடுங்கள். பெயரை வைத்து விதி எழுதுங்கள். அவர் எங்கே மாறினாலும் நிறம் கூடவே போகும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெயர் எவ்வளவு நழுவக்கூடியது என்பது வங்காளத்தில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். ஒரே மனிதர் ஒரு கணக்கில் சாட்டர்ஜி, இன்னொன்றில் சட்டோபாத்யாய். முகர்ஜி முகோபாத்யாயாகவும் இருப்பார். நம்மவர்களோ இனிஷியலை ஒருநாள் முன்னால் போடுவார்கள், மறுநாள் பின்னால். ஒரே பெயர் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. இது முதல் சங்கடம்.

இரண்டாவது சங்கடம் பெரியது. இ-மெயிலில் தெரியும் பெயர், இன்லேண்டு லெட்டரின் பின்புறம் எழுதும் 'அனுப்புநர்' மாதிரி. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய இ-மெயில் விதிமுறையில், அனுப்புகிறவர் நிஜமாகவே அவர்தானா என்று சோதிக்க ஏற்பாடு இல்லை. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்கு எழுதிக்கொண்ட காலம் அது. பின்னால் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று சோதனைகள் வந்தன. மொத்தமாகக் கடிதம் அனுப்புகிறவர்களுக்கு ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து இவற்றைக் கட்டாயமாக்கின. ஆனால் இவையெல்லாம் 'அட்' குறிக்குப் பின்னால் வரும் பகுதிக்குத்தான் சாட்சி சொல்கின்றன. முன்னால் பளிச்சென்று தெரியும் பெயருக்கு அல்ல.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மேசோமஷாய் என்று கூப்பிடுவேன். என் ஆரஞ்சுப் புலம்பலைக் கேட்டுவிட்டு, "விளக்கைப் பார்க்காதே மா. அதற்குப் போகும் கம்பி எங்கிருந்து வருகிறது, பார்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. எதை நினைத்துச் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது.

ஷாலிமாரிலிருந்து சென்னைக்குப் போகும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் எங்கள் சாந்த்ராகாச்சி வழியாகத்தான் போகிறது. கொல்கத்தாத் தமிழர்களுக்கு அது வெறும் ரயில் அல்ல, ஊர். 2023 ஜூன் 2 மாலை, ஒடிசாவின் பாலாசோர் மாவட்டத்தில் பாஹாநகா பஜார் நிலையத்தில் அந்த ரயிலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. நேர்ப்பாதையில் போகலாம் என்று அதற்கு அர்த்தம். தண்டவாளமோ பக்கப் பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே ஒரு சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்பு சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றத்திலும், லெவல் கிராசிங் கேட் ஒன்றில் அன்று நடந்த வேலையிலும் ஏற்பட்ட தவறுகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. கம்பிகளுக்குத் தவறான லேபிள் ஒட்டியிருந்தது பல வருடங்கள் யார் கண்ணிலும் படவில்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது.

அந்தத் துயரத்தோடு என் ஆரஞ்சு நிறத்தை ஒப்பிடுவது அநியாயம். ஆனால் பாடம் ஒன்றுதான். நிறம் தானாக எதையும் அறிவதில்லை. எதோடு இணைத்திருக்கிறோமோ அதைத்தான் சொல்லும். இணைப்பு பிசகினால், அதே தைரியத்தோடு பொய்யும் சொல்லும்.

நண்பரின் யோசனையை ஏற்கவில்லை. பதிப்பகத்துக்கு போன் செய்து, புதிய முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, விதியில் அதைச் சேர்த்தேன். ஆரஞ்சு திரும்பி வந்தது.

இரண்டு மாதம் கழித்து அதே ஆசிரியரின் பெயரில் ஒரு கடிதம். மீட்டிங்கில் இருக்கிறாராம். ராயல்டி அனுப்ப வங்கி விவரமும், செல்போனில் வரும் எண்ணும் உடனே தேவையாம். பெயரில் ஓர் எழுத்துகூடப் பிசகில்லை. ஆனால் கடிதம் கறுப்பாக இருந்தது. முகவரியைப் பார்த்தேன், யாரோ திறந்த இலவசக் கணக்கு. பெயரை வைத்து விதி எழுதியிருந்தால் அது ஜம்மென்று ஆரஞ்சில் வந்திருக்கும். ஆசிரியரை போனில் பிடித்தேன். அவர் எதுவும் அனுப்பவில்லை. அதே கடிதம் இன்னொரு மொழிபெயர்ப்பாளருக்கும் போயிருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியை. பெயரைப் பார்த்து நம்பி எண்ணைச் சொல்லிவிட்டார். சில மாத பென்ஷன் போய்விட்டது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தார். பணம் திரும்பவில்லை.

முகவரியையும் போலியாகக் காட்ட முயலுகிறவர்கள் உண்டு. ஆகவே முகவரியை வைத்து எழுதிய விதியும் முழுக் காவல் அல்ல; பெயரை வைத்து எழுதியதைவிட உறுதியான கதவு, அவ்வளவுதான். விதியைத் தொட்ட ஒவ்வொரு முறையும் அந்த நபரிடம் ஒரு சோதனைக் கடிதம் அனுப்பச் சொல்லி, சரியான நிறத்தில் வருகிறதா என்று பார்க்கிறேன். பணம் பற்றிய கடிதம் எந்த நிறத்தில் வந்தாலும் முதலில் போன். அம்மாவின் கம்ப்யூட்டரில் எனக்குப் பச்சை கொடுத்திருக்கிறான் தம்பி. அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: "பச்சையாகவே வந்தாலும், நான் பணம் கேட்டு எழுதியிருந்தால் என் குரலைக் கேட்காமல் அனுப்பாதேம்மா."