திப்பி காயும் களம்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க இரண்டு பாதைகள் உண்டு. பெரும்பாலான வண்டிகள் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி அடிவாரம் சேரும். கொட்டச்சேடு, குப்பனூர் வழியே இறங்கினால், காபியும் மிளகும் சில்வர் ஓக்கும் பின்தங்கி, கீழே குச்சிக்கிழங்குக் காடுகள், அதாவது மரவள்ளிக் காடுகள், வந்துவிடும். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வாழப்பாடி, ஆத்தூர் வரை ஆங்காங்கே அந்தக் கிழங்கில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள். கிழங்குப் பருவத்தில் இந்தச் சாலையில் பேருந்தில் போனவர்களுக்கு ஒரு புளித்த நாற்றம் பழகியிருக்கும். மாவு பிரித்த தண்ணீர் குட்டையில் தேங்கி அழுகும் நாற்றம் அது. அதற்குள் அடுப்பெரிக்கும் வாயு இருக்கிறது என்பதை நேரில் பார்க்கத்தான் மலைக்குக் கீழே உள்ள ஆலை ஒன்றுக்குப் போனேன்.

இந்தத் தொழில் சேலத்துக்கு வந்ததே ஒரு பனையின் இடத்தை நிரப்பத்தான். மலேயாவில் சேகோ பனையின் தண்டிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசி, இரண்டாம் உலகப் போரின்போது வராமல் நின்றது. சேலம் மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் 1940களில் கிழங்கு மாவில் அதைச் செய்து காட்டினார்கள். 1981இல் உற்பத்தியாளர்களுக்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

லாரியில் வரும் கிழங்கில் முதலில் மாதிரி எடுத்து ‘பாயிண்ட்’ பார்க்கிறார்கள். 28 பாயிண்ட் என்றால் நூற்றுக்கு 28 பங்கு மாவு. விவசாயிக்குப் பணம் அந்தக் கணக்கில்தான். பிறகு தோல் நீக்கி, கழுவி, அரைத்து, தண்ணீர் விட்டுச் சல்லடையில் அலசுகிறார்கள். மாவுப் பால் கீழே இறங்க, நார் மேலே தங்குகிறது. தொட்டியில் அசையாமல் சில மணி நேரம் விட்டால் மாவு அடியில் கட்டியாகப் படிகிறது. மேல் தண்ணீரை வடித்து, கட்டியை வெட்டி உதிர்த்து, குலுக்கி உருட்டி, சூடான தகட்டில் வறுத்துக் களத்தில் காய வைத்தால் ஜவ்வரிசி. மிச்சம் இரண்டு: நாராக நிற்கும் திப்பியும், வடித்த தண்ணீரும்.

திப்பிக் களம் ஆலைக்குப் பின்னால் இருந்தது. அறுபதை நெருங்கும் ஓர் அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஈரத் திப்பியை வெறுங்காலால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டு போனார். கட்டிகளைக் குனிந்து கையால் உடைத்தார். ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, “பிழிஞ்சு பாருங்க தம்பி” என்றார். பிழிந்தேன். விரலிடுக்கில் வெள்ளையாக வழிந்தது. காய்ந்த திப்பியின் எடையில் ஏறக்குறைய பாதி இன்னும் மாவுதான். எத்தனை முறை அலசினாலும் நாருக்குள் சிக்கியது வெளியே வராது.

“அன்னிக்கே பரப்பலைன்னா மறுநாளே புளிச்சுருங்க. மாடு மோந்து பாத்துட்டுப் போயிரும்.”

மழை வந்தால்?

“மழை வந்தா மொதலாளிக்குத் திப்பி போச்சு, எங்களுக்குக் கூலி போச்சு.”

அவர் பாதத்தின் ஓரங்கள் வெடித்திருந்தன. நாள் முழுக்கப் புளித்த ஈரத்தில் நிற்கிற கால்கள்.

காய்ந்த திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. பசை செய்யவும் வாங்குகிறார்கள். திருவனந்தபுரத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் திப்பியை உரமாக்கும் வழியைக் கண்டிருக்கிறது. அதிலுள்ள மாவைச் சர்க்கரையாக்கி நொதிக்கவிட்டால் எத்தனாலும் எடுக்கலாம். எத்தனாலுக்கான மூலப்பொருள்களில் மரவள்ளியையும் 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை சேர்த்திருக்கிறது. கிழங்கையே எரிபொருளாக்குவதை விட, மாவெடுத்த பிறகு மிஞ்சும் திப்பியில் அதைத் தேடுவதே நியாயம் என்பேன்.

தண்ணீரின் கதை வேறு. கிழங்கிலுள்ள சயனைடு சேர்மங்களில் ஒரு பங்கும் கரைந்த மாவும் அதில் போகின்றன. திறந்த குட்டையில் விட்டால் மண்ணும் கிணறும் கெடும். காற்றுப்படாத அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கி வானத்துக்கு அனுப்பும். நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடை விட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. அதே தண்ணீரை மூடிய கலனுக்குள் அடியிலிருந்து மேலே ஏற்றினால், சேற்றுப் படுகையிலுள்ள நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று வாயுவைத் தருகின்றன. அதில் பாதிக்கு மேல் மீத்தேன்.

நான் போன ஆலையில் அப்படி ஒரு கலனைப் பார்த்துக்கொண்ட இளைஞர் அதைப் பற்றி ஒரு கறவை மாட்டைப் போலப் பேசினார். “புளிப்பு ஜாஸ்தியானா படுத்துக்குமுங்க. சுண்ணாம்பு போட்டு எழுப்பணும். தீனி ஒரே சீராப் போகணும்.” சாணிக் கரைசல் ஊற்றித்தான் முதலில் உயிர் கொடுத்தார்களாம். வாயுவைக் கழுவி நாற்றக் கந்தகத்தை எடுத்துவிட்டு ஜெனரேட்டருக்கும் வறுவல் அடுப்புக்கும் அனுப்புகிறார்கள். தகட்டடியில் நீலத் தீ சத்தமில்லாமல் எரிந்தது. ஜவ்வரிசியைப் புரட்டிக்கொண்டிருந்த அக்கா, விறகு எரிந்த காலத்தில் வீட்டுக்குப் போன பிறகும் கண் எரியும், இப்போது புகை இல்லை என்றார். இந்தத் தொழில்நுட்பத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்கு வேண்டியதில்லை.

மலேசியாவில் ரப்பருக்குப் பின் நம்மவர்கள் உழைத்த எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலும் இதே கதைதான். பழக்குலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே எண்ணெய். நாரும் ஓடும் ஆலையின் கொதிகலனிலேயே எரிகின்றன. ஒரு டன் எண்ணெய்க்கு இரண்டரை டன்னுக்கு மேல் கழிவுநீர் வருகிறது. அதன் வாயுவைப் பிடித்து மின்சாரமாக்கும் ஆலைகள் அங்கே உண்டு. அங்கும் இங்கும் சிக்கல் அறிவியலில் இல்லை, முதலீட்டில்தான் இருக்கிறது. பெரிய ஆலை கலன் கட்டிவிடுகிறது. பருவத்தில் மட்டும் ஓடும் சிறிய ஆலை, ஆண்டின் மீதி மாதங்களில் நுண்ணுயிருக்கு எதைப் போடும்?

பக்கத்துப் பக்கத்து ஆலைகள் சேர்ந்து பொதுக் கலன் அமைப்பதும், பருவம் முடிந்த பிறகு சாணியும் காய்கறிக் கழிவும் போட்டு அதை உயிரோடு வைத்திருப்பதும் முடியாத காரியங்கள் அல்ல. ஜவ்வரிசியைச் சேர்ந்து விற்கக் கற்ற சேலத்துக்குக் கழிவுநீரைச் சேர்ந்து ஆளத் தெரியாதா? சேகோசர்வும் அரசும் முன்கை எடுக்க வேண்டும். வாயுவால் மிச்சமாகும் விறகுப் பணத்தில் திப்பிக் களத்துக்கு ஒரு கூரையும், அங்கே நிற்பவர்களுக்குக் காலணியும், மழை நாளுக்குப் பாதிக் கூலியும் கொடுக்கும்படி ஆலை முதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.