மாடியிலிருந்து ஹாலுக்கு

மே 4, 2025, ஞாயிறு

கத்திரி இன்று தொடங்குகிறது. தூத்துக்குடிக் கடல் காற்று இந்த மாடி அறைக்குள் மட்டும் வராது. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே 38 டிகிரி. காலையிலிருந்து வாங்கிய சூட்டை மொட்டை மாடித் தளம் ராத்திரி பத்து மணிவரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும். கம்ப்யூட்டர் அங்கேதான். ஏ.சி. கீழே ஹாலில்.

நானும் மகளும் 'கிரிக்கெட் 07' ஆடிக்கொண்டிருந்தோம். 2006-ல் வந்த கேம். இ.ஏ. நிறுவனம் தன் கிரிக்கெட் வரிசையை அத்தோடு நிறுத்திவிட்டது. ரசிகர்கள்தான் புது அணி, புதுச் சட்டை என்று தைத்துப் போட்டு இன்றுவரை ஓட்டுகிறார்கள். பன்னிரண்டாவது ஓவரில் மகள் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். கை வியர்த்து வழுக்குகிறதாம்.

"இதை ஹால் டிவியில போட முடியாதாப்பா?"

சி.பி.யு.வைத் தூக்கிக் கீழே வைத்தால் முடிந்தது. அம்மா சம்மதிக்கவில்லை. "ஹால் என்ன பிரவுசிங் சென்டராலே?" என்று கேட்டுவிட்டாள். என் ஆபீஸ் வேலையும் அதே கம்ப்யூட்டரில்தான். ஆகவே பெட்டி மேலேயே இருக்கட்டும், படம் மட்டும் இறங்கி வரட்டும். நேராகப் பார்த்தால் ஆறு மீட்டர்கூட இல்லை. நடுவில் ஒரு கான்கிரீட் தளம்.

மே 5, திங்கள்

எளிய வழியை முதலில் பார்த்தேன். விண்டோஸ் பொத்தானோடு 'கே'யை அழுத்தினால் பக்கத்தில் இருக்கிற டிவியின் பெயர் வரும். தட்டினால் மிராகாஸ்ட் வழியாகத் திரை அப்படியே டிவியில் விழும். விழுந்தது. படம் சுத்தம், சத்தமும் வந்தது. இவ்வளவுதானா என்று நினைத்துவிட்டேன்.

மகள் மேலே கன்ட்ரோலரோடு. நான் கீழே டிவி முன்னால். "இப்போ!" என்று கத்திக்கொண்டே அவள் மட்டையைச் சுழற்ற வேண்டும், ஏற்பாடு அதுதான். அவள் குரல் மாடிப்படி வழியாக இறங்கி வந்து சேர்ந்த பிறகுதான் டிவியில் மட்டை அசைந்தது. ஆறு தடவை பார்த்தோம். ஆறு தடவையும் குரலே ஜெயித்தது.

கன்ட்ரோலரைக் கீழே கொண்டுவந்தால் வேறு சிக்கல். ப்ளூடூத்துக்குத் திறந்த வெளியில் பத்து மீட்டர் சொல்வார்கள், கான்கிரீட்டுக்கு அந்தக் கணக்கு தெரியாது. இரண்டு பந்துக்கு ஒருமுறை அறுந்தது.

மே 6, செவ்வாய்

தாமதம் எவ்வளவு என்று தெரியாமல் மருந்து தேடுவதில் அர்த்தமில்லை. செல்போன் ஸ்லோமோஷனில் நொடிக்கு 240 படம் எடுக்கும். மாடிப்படியில் கன்ட்ரோலர் அறுந்துபோகாத ஒரு படியைக் கண்டுபிடித்து, மகளை அங்கே உட்கார வைத்து, அவள் கட்டைவிரலும் டிவியும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி எடுத்தேன். விரல் அழுத்திய படத்திலிருந்து மட்டை அசைகிற படம்வரை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினால் 52. அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்.

சினிமா பார்ப்பவருக்கு இது ஒன்றுமே இல்லை. மட்டை பிடிப்பவருக்கு? மணிக்கு 140 கிலோமீட்டர் வேகப் பந்து ஒரு கிரீஸிலிருந்து மறு கிரீஸுக்கு, ஏறக்குறைய 17.7 மீட்டரை, அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். அதில் பாதியை டிவியே தின்றுவிட்டால் ஸ்டம்ப் பறந்த பிறகுதான் மட்டை சுழலும். அப்படித்தான் சுழன்றது.

மே 7, புதன்

சாயங்காலம் டவுனில் கேபிள் கடை. நீளமான எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றை வாங்கி இழுத்துவிடலாம் என்று போனேன். கடைக்காரர் எடுத்த எடுப்பில் மறுத்தார். "பத்து மீட்டர் தாண்டினா செம்பு கேபிளுக்கு நான் கேரண்டி குடுக்க மாட்டேன் அண்ணாச்சி. ஃபைபர் எச்.டி.எம்.ஐ. இருக்கு. இருபது மீட்டர் ஆறாயிரம்."

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஒரு முழு எச்.டி. படத்தில் 1920-ஐ 1080-ஆல் பெருக்கிய எண்ணிக்கையில் புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட். நொடிக்கு 60 படம். பெருக்கினால் நொடிக்கு மூன்று ஜிகாபிட். எச்.டி.எம்.ஐ. இதைச் சுருக்காமல், மடிக்காமல் அப்படியே கொட்டுகிறது. தாமதம் இல்லாததற்கும் அதுதான் காரணம், தூரம் போக முடியாததற்கும் அதுதான் காரணம்.

ஆறாயிரம் இருக்கட்டும். என்னைத் தடுத்தது அதன் தலை. எங்கள் சுவருக்குள் மாடியிலிருந்து ஹாலுக்கு ஒரு முக்கால் இஞ்ச் பைப் இறங்குகிறது. எச்.டி.எம்.ஐ. கேபிளை இரண்டு பக்கமும் தலை பொருத்தித்தான் விற்கிறார்கள், அந்தத் தலை பைப்புக்குள் நுழையாது. ஃபைபர் கேபிளில் எந்த முனை கம்ப்யூட்டருக்கு, எந்த முனை டிவிக்கு என்று வேறு குறித்திருக்கிறது. மாற்றி இழுத்தால் மறுபடியும் உருவ வேண்டியதுதான். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

மே 9, வெள்ளி

நேற்று தர்மசாலாவில் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். இன்று ஐ.பி.எல். ஒரு வாரம் கிடையாது என்று அறிவிப்பு. எல்லைப் பக்கச் சண்டை என்ன ஆகுமோ என்று அம்மா நாள் முழுக்கச் செய்திச் சேனலை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் டிவி பக்கம் போகவில்லை.

மே 10, சனி

சாயங்காலம் சண்டை நிறுத்தம் என்று அறிவித்தார்கள். அம்மா நிம்மதியாகப் போய்ப் படுத்தாள். ஒன்பது மணிக்கு ரிமோட் கைக்கு வந்தது.

மாடிக் கம்ப்யூட்டரில் சன்ஷைன் நிறுவினேன், டிவியில் மூன்லைட். இரண்டும் இலவசம். மூன்லைட்டை 2013-ல் அமெரிக்காவில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கினார்கள், அப்போது அதன் பெயர் லைம்லைட். என்விடியாவின் கேம்ஸ்ட்ரீமைப் பிடித்துக் காட்டத்தான் அதை எழுதினார்கள். என்விடியா 2023-ல் கேம்ஸ்ட்ரீமைக் கைவிட்டது, அனுப்புகிற வேலையைச் சன்ஷைன் எடுத்துக்கொண்டது. வால்வ் நிறுவனம் இதே காரியத்துக்கு 2015-ல் ஸ்டீம் லிங்க் என்று ஒரு சின்னப் பெட்டியே விற்றது. 2018-ல் பெட்டியை நிறுத்திவிட்டுச் செயலியாக்கிவிட்டது.

டிவி நான்கு இலக்க எண் ஒன்றைக் காட்டும். அதை மேலே போய்ச் சன்ஷைனில் அடித்தால் இரண்டும் கை கோத்துக்கொள்ளும். கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு படத்தையும் உடனுக்குடன் சுருக்கி அனுப்புகிறது, டிவி பிரித்துக் காட்டுகிறது. மூன்று ஜிகாபிட் கொட்டிய இடத்தில் இப்போது நொடிக்கு 20 மெகாபிட் போதும், 150-ல் ஒரு பங்கு. கன்ட்ரோலரை டிவியோடு இணைத்துவிடலாம். விரல் அழுத்தம் அதே பாதையில் திரும்ப மாடி ஏறும். ப்ளூடூத் தொல்லை ஒழிந்தது.

ஆட ஆரம்பித்தோம். முதல் இரண்டு ஓவர் அமிர்தம். மூன்றாவது ஓவரில் என் மனைவி மைக்ரோவேவில் பால் வைத்தாள். படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றது. அந்த அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசைப் பக்கம் குடியிருக்கிறவை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அதற்கு அடுப்பு பொருட்டில்லை, தளம்தான் எதிரி. மாடி ரவுட்டரிலிருந்து ஹாலுக்கு வருவதற்குள் ஒரே ஒரு கோடாகத் தேய்ந்துவிட்டது.

"கம்பி போடுங்களேன்," என்றாள் மனைவி. பாலை ஆற்றிக்கொண்டே சொன்னாள். ஆறு நாள் சுற்றியதற்கு அவள் சொன்ன இரண்டு சொல்தான் விடை.

மே 11, ஞாயிறு

முதலில் கடை. கேட் 6 கேபிளில் இரண்டு தினுசு காட்டினார், விலையில் பாதிக்குப் பாதி வித்தியாசம். மலிவானதில் ஒரு இழையை உருவி பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். "இரண்டு தடவை மடக்கினா ஒடிஞ்சிரும்." விலை கூடியதைச் சுரண்டினால் உள்ளேயும் செம்பு. மீட்டர் 28 ரூபாய், 20 மீட்டர் வெட்டச் சொன்னேன்.

பைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1986-ல் வீடு கட்டும்போது அப்பா ஆன்டெனாக் கம்பிக்காகப் போட்ட பைப் அது. அன்றைக்கு எங்கள் ஊரில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி, கொழும்புப் பக்கம் முகம் திருப்பிய உயரமான ஆன்டெனா நிற்கும். இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி பார்க்கத்தான். காற்றடித்துக் குழாய் திரும்பிவிட்டால் அப்பா மேலே போய்ச் சுழற்றுவார், நான் கீழே புள்ளி விழுந்த திரையைப் பார்த்துக் கத்துவேன். "தெரியுதால?" "இல்லப்பா!" ஆன்டெனா போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. கறுப்புக் கம்பி மட்டும் பைப்புக்குள் கிடந்தது.

எலெக்ட்ரீஷியன் தம்பி அதைப் பார்த்ததும் சிரித்தார். "வழி போட்டு வச்சிட்டுத்தான் போயிருக்காரு அண்ணாச்சி." பழைய கம்பியின் மேல்முனையில் புதுக் கேபிளையும் ஒரு நைலான் கயிற்றையும் வைத்து இன்சுலேஷன் டேப்பை வழுவழுவென்று, முடிச்சுத் தடிக்காமல், கேரட் மாதிரிக் கூராகச் சுற்றினார். கேபிள் மேல் சோப்புத் தண்ணீர் தடவினார். நான் கீழே பழைய கம்பியை இழுக்க, அவர் மேலே புதியதை ஊட்டினார். நான்கு மீட்டர் சுகமாக வந்தது. அப்புறம் அசையவில்லை. ஹால் கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு வளைவு.

"இழுக்காதீங்க! இழுத்தா டேப்பு கழண்டு ரெண்டும் போயிரும். கொஞ்சம் விடுங்க... இப்போ."

விட்டு, இழுத்து, விட்டு, இழுத்து, இருபது நிமிஷம். கடைசியில் ஒரு சின்ன உதறலோடு வளைவைத் தாண்டியது. டிவிக்குப் பின்னால் முதலில் கறுப்புக் கம்பி, பிறகு சோப்பு நுரை, பிறகு நீலக் கேபிள். மகள் கை தட்டினாள். நுரையை அம்மாவின் துண்டில் துடைத்ததற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மே 12, திங்கள்

ஜாக் அடிப்பது நானே. எட்டு இழை. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பிரவுன், பிரவுன். வெள்ளைப் பச்சையும் பச்சையும் அடுத்தடுத்து வராது, அங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். வரிசைப்படுத்தி, நுனியைச் சமமாக வெட்டி, ஜாக்கில் செருகி, ஒவ்வொரு நிறமும் முகப்புவரை வந்துவிட்டதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் கிரிம்பரை அழுத்தினேன்.

ரவுட்டர் 100 என்று காட்டியது. 1000 அல்லவா வேண்டும்? ஜிகாபிட்டுக்கு எட்டு இழையும் வேண்டும், நீலத்திலோ பிரவுனிலோ ஒன்று விட்டுப்போனாலும் 100-க்கு இறங்கிவிடும். பிரவுன் சரியாக ஏறவில்லை என்று முடிவு கட்டி வெட்டிவிட்டு மறுபடி அடித்தேன். 100. மறுமுனையையும் வெட்டினேன். 100. மூன்று ஜாக் வீணாகி, ராத்திரி பதினொன்றரைக்குத்தான் டிவியின் கையேட்டைப் பிரித்தேன். டிவியின் துளையே 100 மெகாபிட்தான். கேபிளில் ஒரு குறையும் இல்லை. பெரும்பாலான டிவிகளில் அவ்வளவுதான் வைக்கிறார்கள். நமக்கு வேண்டியதோ 20.

கோலி டெஸ்டிலிருந்து ஓய்வாம். செய்தி கேட்டதிலிருந்து அம்மாவுக்கு முகமே சரியில்லை.

மே 14, புதன்

சில்லறைத் தொல்லைகள். மேலே மானிட்டரை அணைத்தால் பிடிக்கத் திரை இல்லாமல் கீழே படம் வரவில்லை. மானிட்டர் இருப்பதாக நம்ப வைக்கிற டம்மி பிளக் ஒன்று 350 ரூபாய்க்குச் செருகினேன். டிவியில் 'கேம் மோட்' போட்டேன். படத்தை மெருகேற்றுகிறேன் என்று டிவி உட்கார்ந்து யோசிப்பது நின்றது, நிறம் கொஞ்சம் வெளிறினாலும் பரவாயில்லை. மறுபடி ஸ்லோமோஷன். 52 இருந்த இடத்தில் 16.

மே 17, சனி

ஐ.பி.எல். மறுபடி தொடக்கம். டெஸ்டை விட்ட பிறகு கோலியின் முதல் ஆட்டம், பெங்களூரில். சென்னை எப்போதோ வெளியே போய்விட்டாலும் அம்மா ஏழு மணிக்கே டிவி முன்னால் ஆஜர். பெங்களூரில் மழை. டாஸ்கூடப் போடாமல் ஆட்டத்தைக் கைவிட்டார்கள்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"என்னமோ போட்டுத் தொலைங்க," என்றாள் அம்மா. ஆனால் எழுந்து போகவில்லை. நான்காவது ஓவரில் மகள் நேராக ஒரு சிக்ஸர் அடித்தாள். "இது எந்த ஊர்ல நடக்கு?" என்று அம்மா கேட்டாள். "மாடியில, ஆச்சி," என்றாள் மகள்.

மே 18, ஞாயிறு

கணக்கு: கேபிள் 560, ஆறு ஜாக் 60, எலெக்ட்ரீஷியன் தம்பிக்கு 500, டம்மி பிளக் 350. மொத்தம் 1,470 ரூபாய். மாடி அறை இன்றும் 38 டிகிரி, கம்ப்யூட்டர் அதில் தனியாக வேகிறது. நைலான் கயிறு கேபிளோடு பைப்பிலேயே கிடக்கிறது, இரண்டு முனையும் வெளியே தெரிகிற மாதிரி ஆணியில் கட்டியிருக்கிறேன்.