மறுகால் ஓசை





திருச்சுழியில் வீட்டின் பின்கட்டில் அருவி அமைத்தவன் நான். இதைச் சொன்னால் எங்கள் பகுதியை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். குண்டாறு எங்கள் ஊரை ஒட்டித்தான் செல்கிறது. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலும் கருவேலமும்தான். அருப்புக்கோட்டையிலிருந்து இங்கே வரும் வழியெங்கும் வானம் பார்த்த கரிசல் பூமி. இந்த மண்ணில் அருவி வைக்க நினைத்தது ஆசையா, அகந்தையா என்று எனக்கே இன்னும் முழுதாகத் தெளிவில்லை.

பல ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே பாலைவனத்தின் நடுவே வணிக வளாகங்களில் நீர் வழிந்தோடும் ஓசையைக் கேட்டபடி, விடுமுறை நாட்களில் மணிக்கணக்கில் அமர்ந்திருப்பேன். ஊரில் வீடு கட்டியபோது அந்த ஓசையும் உடன் வரவேண்டும் என்று தோன்றியது. மூட்டுவலியால் வெளியே செல்ல இயலாத அம்மா, பின்கட்டுத் திண்ணையில் தஸ்பீஹும் கையுமாக அமர்ந்திருப்பார். "அவர் மனம் மகிழட்டுமே" என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

அம்மாவோ ஒரே வார்த்தையில் கேட்டார்: "ஒரு குடம் தண்ணிக்கு நானும் உன் நன்னியும் ஊருணிக்கு நடந்தவங்க. தண்ணியைக் கொட்டி வேடிக்கை பார்க்கவா போற, தம்பி?"

"கொட்டவில்லை அம்மா. அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும்" என்றேன். அந்தப் பதில் பாதி உண்மை என்பதைப் பிறகுதான் கற்றேன்.

குளம் தோண்டும் நாளிலேயே முதல் பாடம் கிடைத்தது. சிமெண்ட் தொட்டி கட்டுவதாக இருந்தேன். முதிய கொத்தனார் ஒருவர் தடுத்தார். கரிசல் மண் வெயிலில் வெடித்துப் பிளக்கும். மழையில் உப்பி நெளியும். அதன்மேல் மெல்லிய சிமெண்ட் தொட்டி இருந்தால் விரிசல் விடாமல் தப்புவது அரிது என்றார். ஆகவே பண்ணைக்குட்டைகளில் விரிப்பது போன்ற கனத்த பிளாஸ்டிக் விரிப்பையே வாங்கினேன். அடியில் மணலும் பழைய சாக்குகளும் பரப்பி, மேலே விரிப்பைப் போட்டோம். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, ஆழம் ஒன்றரை அடி. கொள்ளளவு ஏறத்தாழ 2,500 லிட்டர். ஓர் ஓரத்தில் நான்கடி உயரத்திற்குக் கல் அடுக்கி, உச்சியில் ஒரு சிறு தொட்டி வைத்தோம்.

அடுத்த பாடம் பம்பு. நீரில் மூழ்கி இயங்கும் சிறிய பம்பு ஒன்றை வாங்கினேன். அட்டைப்பெட்டியில் 'மணிக்கு 3,000 லிட்டர், உயரம் 3 மீட்டர்' என்று அச்சிட்டிருந்தது. மூன்று மீட்டர் உயரத்திற்கு மூவாயிரம் லிட்டரை ஏற்றும் என்று நினைத்தேன். நம்மில் பலரும் அப்படித்தான் படிக்கிறோம். உண்மை வேறு. மூவாயிரம் லிட்டர் என்பது உயரமே இல்லாதபோது வரும் அளவு. மூன்று மீட்டர் என்பது நீர் ஏறி நின்றுவிடும் எல்லை. அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வெளியே வராது. நம் தேவை இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. உயரத்தையும் குளத்தின் அடியிலிருந்து அளக்கக் கூடாது. நீர்மட்டத்திலிருந்து நீர் விழும் விளிம்பு வரை அளக்க வேண்டும். அதனுடன் குழாயின் உராய்வையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த உராய்வைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டில் மிஞ்சிக் கிடந்த 20 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயையே, ஆறு எல்போக்களுடன் பொருத்தினேன். அருவி வரவில்லை, நூல்போல் ஒழுகியது. 20 லிட்டர் வாளி நிறைய 80 விநாடி ஆயிற்று. அதாவது மணிக்கு 900 லிட்டர். பார்க்க வந்த பிளம்பர், "பாய், பம்பு மேல குத்தமில்ல. தொண்டையை நெரிச்சா அது எப்படிப் பாடும்?" என்றார். குழாயின் உள்விட்டம் இருமடங்கானால், அதே அளவு நீர் செல்லும்போது ஏற்படும் உராய்வு ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 40 மில்லிமீட்டர் குழாய் போடச் சொன்னார். செங்குத்தாகத் திரும்பும் எல்போவுக்குப் பதிலாக, 45 பாகையில் வளையும் இரண்டு பெண்டுகளைப் பொருத்தச் சொன்னார். மறுநாள் தாமே வந்து செய்து தருவதாகவும் சொல்லிச் சென்றார்.

எனக்குப் பொறுமை இல்லை. அன்று மாலையே குழாயை வாங்கிவந்து நானே ஒட்டினேன். முனைகளைத் தேய்க்கவில்லை, ஈரத்தைத் துடைக்கவில்லை, பசை காய நேரம் தரவில்லை. மஃரிபுக்கு முன் ஓடவிட்டுப் பார்த்தேன். வாளி 48 விநாடியில் நிறைந்தது. ஓசையும் வந்தது! அந்த மகிழ்ச்சியில், இரவெல்லாம் ஓடட்டும் என்று விட்டுவிட்டு உறங்கிப் போனேன்.

நள்ளிரவில் இணைப்பு கழன்றது. பம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. குளத்து நீரையெல்லாம் முற்றத்தில் இறைத்துத் தீர்த்தது. பிறகு நீரின்றி ஓடி, சூடேறிக் கருகியது. முற்றம் நிறைந்து, வாசல் வழியே தெருவுக்கும் நீர் சென்றிருக்கிறது.

ஃபஜ்ருக்கு எழுந்து கதவைத் திறந்தபோது, எதிர்வீட்டுச் சகோதரி இரண்டு குடங்களுடன் நின்றிருந்தார். அவர்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணறு இல்லை. தெருக்குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். "தெருவுல ஈரத்தைப் பார்த்துட்டு, குழாயில தண்ணி வந்துருச்சுன்னு ஓடி வந்தேண்ணே" என்றார். அவர் குரலில் குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லை. அதுவே என்னை அதிகமாகச் சுட்டது.

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் உளூச் செய்வார்கள் என அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உண்டு. அது ஒரு லிட்டருக்கும் குறைவான அளவு. அன்று தொழுகைக்குச் செல்லும் வழியில் கணக்குப் போட்டேன். ஓர் இரவில் நான் தெருவில் விட்ட நீர், ஒருவர் நாளுக்கு ஐந்து முறை உளூச் செய்தாலும் ஐந்நூறு நாட்களுக்கு மேல் போதுமானது. அம்மா இன்றும் ஒரு சிறு செம்பில்தான் உளூச் செய்கிறார். நான் குழாயைத் திறந்துவிட்டுச் செய்கிறேன்.

அம்மா ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அன்றிரவு வழக்கம்போல் சூரத்துல் முல்க் ஓதினார். நிலத்தடி நீர் ஆழத்திற்குப் போய்விட்டால் அதை உங்களுக்குக் கொண்டுவருபவர் யார் என்று வினவி நிறைவுறும் அத்தியாயம் அது. எத்தனையோ இரவுகள் கேட்டதுதான். அன்று அந்த வினா என்னிடமே கேட்கப்பட்டதாக உணர்ந்தேன். பம்பு தண்ணீரைத் தூக்கும், தண்ணீரை உண்டாக்காது. இந்த எளிய உண்மைக்கு எனக்கு 2,500 லிட்டர் செலவாயிற்று.

மறுநாள் காலை, "எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடுகிறேன் அம்மா" என்றேன்.

அம்மா தடுத்தார். "பிடுங்க வேணாம். முந்தாநாள் மஃரிப் நேரத்துல அந்தச் சத்தத்தைக் கேட்டேன். சின்ன வயசுல கண்மாய் மறுகால் பாயுற சத்தம் மாதிரியே இருந்துச்சு. ஆனா ஒண்ணு, தம்பி. கண்மாய் நெறஞ்சாத்தான் மறுகால் பாயும். நெறயாத கண்மாயில மறுகாலை வெட்டிவிட்டா அதுக்குப் பேரு களவு."

வறண்ட நாட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் பல, சங்கிலிபோல் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை. மேலே உள்ள கண்மாய் நிறைந்ததும் மிகைநீர் கலுங்கு வழியே வழிந்து, கீழே உள்ள கண்மாய்க்குச் செல்லும். அந்த வழிதலே மறுகால். எங்கள் மண்ணுக்குரிய அருவி அதுதான். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. நிறைவும் சரிவும் மட்டுமே. கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகையில் நம் முன்னோர் ஓடவிட்ட நீரும், தாரோ ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வாய்க்கால் வெட்டி, சரிவால் வந்ததே. பம்பு அறியாதவர்களல்லர் முஸ்லிம்கள். 1206ஆம் ஆண்டில் அல்ஜஸரீ எழுதி முடித்த நூலில், உறிஞ்சு குழாய்களுடன் கூடிய இரட்டை உருளைப் பம்பு விளக்கப்பட்டுள்ளது. எனினும் நீர் தானே வரக்கூடிய இடத்தில் அதைத் தானே வரவிடுவதுதான் அறிவு.

அம்மாவின் சொல்லை அளவுகோலாக வைத்து, அந்தப் பிளம்பரின் துணையுடன் எல்லாவற்றையும் மீண்டும் அமைத்தேன். யாருக்கேனும் பயன்படலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் நீரின் வரவு. 2003ஆம் ஆண்டில் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஆனாலும் எத்தனை வீடுகளில் அந்தக் குழாய் வெறும் பெயருக்கு நிற்கிறது! 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். எங்கள் மாடியின் 110 மில்லிமீட்டர் குழாயை, சருகு தடுக்கும் வலையுடன், கல் அடுக்கின் உச்சித் தொட்டிக்கே திருப்பினோம். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்ற ஒரு வால்வும் வைத்தோம். ஆழ்துளைக் கிணற்று நீரை இனி இந்தக் குளத்தில் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்து, இழப்பு. பம்பைக் குளத்தில் வைக்காமல் பக்கத்தில் ஒரு சிறு தொட்டியில் வைத்தோம். குளத்தின் மேல்மட்ட நீர் மட்டுமே அதற்குள் வழிந்து வரும். இனிக் குழாய் கழன்றாலும் அந்தச் சிறிதளவே வீணாகும். நீர் குறைந்தால் பம்பைத் தானே நிறுத்தும் மிதவை சுவிட்சும் பொருத்தினோம். குழாயின் முனையை உச்சித் தொட்டியின் நீரில் மூழ்கவிடாமல் சற்று மேலே வைத்தோம். மூழ்கியிருந்தால், பம்பு நின்றதும் மேலே உள்ள நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிவிடும். இணைப்புகளை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, பசை தடவிச் செருகி, சற்றே திருகிப் பிடித்து, ஒரு நாள் முழுதும் காயவிட்டோம். கழற்றிச் சுத்தம் செய்ய வசதியாகப் பம்பை ஒட்டி ஒரு யூனியன். வெயிலில் குழாய் நொறுங்கிப் போகும் என்பதால் மண்ணுக்கடியில் புதைத்தோம். நீரும் மின்சாரமும் சேரும் இடமாதலால், நல்ல எர்த்திங்கும் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் கட்டாயம். குழந்தைகள் கைநனைக்கும் இடத்தில் இதில் சிக்கனம் கூடாது. கொசுப்புழுக்களைத் தின்னும் கம்பூசியா மீன்களையும் விட்டோம்.

'சுற்றி வரும்' என்று நான் சொன்னது ஏன் பாதி உண்மை என்பதும் இப்போது விளங்கியது. 60 சதுர அடிப் பரப்பில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 55 லிட்டர், அதாவது நான்கைந்து குடம், காற்றோடு போய்விட்டது என்று பொருள். நீரைத் தெறிக்கவிட்டால் இன்னும் விரைவாகக் குறையும். ஆகவே குளத்தில் ஒரு அளவுகோல் நட்டு, அதில் ஒரு கோடு போட்டேன். நீர் கோட்டுக்கு மேலே இருந்தால், அஸருக்குப் பிறகு அரைமணி நேரம் அருவி ஓடும். கோட்டுக்குக் கீழே இறங்கினால் பம்பு ஓடாது. மிஞ்சிய நீர், வாசலில் உள்ள சிமெண்ட் தொட்டியில் தெருவின் ஆடுகளுக்கும் பறவைகளுக்கும்.

கடைசியாக, மறுகால். குளம் நிறைந்தால் வழியும் நீருக்கு ஒரு 50 மில்லிமீட்டர் குழாய் வைத்து, வாசலருகே உறிஞ்சுகுழி ஒன்றில் விட்டோம். நிலத்திடமிருந்து இதுவரை எடுத்ததில் சிறு பங்கையேனும் திருப்பித் தர வேண்டாமா?

வேலை முடிந்தபின் பல வாரங்கள் குளம் வெறுமையாகவே கிடந்தது. பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். அம்மா மட்டும், "வரும்" என்றார்.

ஐப்பசியில் ஒரு நள்ளிரவில் மழை இறங்கியது. எழுந்து பின்கட்டுக்குச் சென்றேன். எனக்கு முன்பே அம்மா திண்ணையில் இருந்தார். மின்சாரம் நின்றிருந்தது. மாடி நீர் குழாய் வழியே உச்சித் தொட்டிக்கு வந்து, கல் விளிம்பைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. பம்பின் பங்கு அதில் ஒன்றுமில்லை. விடியுமுன் அடுத்தடுத்துப் பெய்த மழையில் குளம் நிறைந்தது. மறுகால் குழாயில் களகளவென்று நீர் இறங்கத் தொடங்கியது.

"அல்ஹம்துலில்லாஹ். பாயுது" என்றார் அம்மா. வேறொன்றும் சொல்லவில்லை.

வீட்டில் குளமோ அருவியோ அமைப்பது பாவமென்று நான் சொல்ல வரவில்லை. அழகும் அல்லாஹ் அளித்த அருட்கொடைதான். முதலில் நிறையட்டும், பிறகு வழியட்டும், வழிவது அடுத்தவருக்குச் சேரட்டும் என்பதே நான் கற்றது. குளத்திற்கு மட்டுமா, நம் சம்பாத்தியத்திற்கும் இதே கணக்குத்தானோ என்று அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன்.

நமக்கு அளிக்கப்பட்ட ஒவ்வொரு துளியையும் அமானிதமாகப் பேணும் பக்குவத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.