பிட்ஸ்பர்க் விழுங்கிய ஆற்றங்கரை நகரம்

அமெரிக்கா என்றதும் நியூயார்க்கின் வானளாவும் கட்டடங்கள்தாம் பலருக்கும் நினைவுக்கு வரும். இன்று உங்களை வேறோர் ஊருக்கு அழைத்துச் செல்கிறேன், வாருங்கள்.

பென்சில்வேனியா மாநிலத்தில், எஃகுக்குப் பெயர்போன நகரம் பிட்ஸ்பர்க். அங்கே அலெகெனி, மொனங்காஹீலா என்னும் இரண்டு ஆறுகள் கூடி, ஒஹாயோ என்ற பேராறாக ஓடுகின்றன. ஆறாம் வீதிப் பாலத்தில் ஏறி நடந்தால் சில நிமிடங்களில் வடகரை வந்துவிடும். இன்று அது மாநகரின் ஒரு பகுதி. 1907 வரை அது தனி நகரம். அதன் பெயரும் அலெகெனிதான்.

1788-இல் அளந்து அமைத்த ஊர் அது. நடுவே வீட்டு மனைகள். சுற்றிலும் ஊராருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம். லயத்துக்குப் பின்னால் மாடு கட்டிப் பிழைத்த நம்மவருக்கு அந்த நிலத்தின் அருமை புரியும். 1840-இல் நகர அந்தஸ்து கிடைத்தது. சொந்த மேயர், சொந்த நகர மன்றம், சொந்தச் சந்தை என்று தலைநிமிர்ந்து நின்றது. 1867-இல் மேய்ச்சல் நிலத்தைப் பூங்காவாக்கத் தொடங்கினார்கள்.

இந்த ஊருக்கு 1848-இல் ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி ஓர் ஏழை நெசவாளர் குடும்பம் வந்தது. அந்த வீட்டுப் பையன் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். விடியுமுன் போய் இருட்டிய பின் திரும்பினால், வாரக் கூலி 1 டாலர் 20 சென். ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பெரியவர் சனிக்கிழமைதோறும் தம் புத்தகங்களை உழைக்கும் சிறுவர்களுக்கு இரவல் கொடுத்தார். படித்து முன்னேறிய அந்தப் பையன்தான் எஃகு அரசர் ஆண்ட்ரூ கார்னெகி. 1892-இல் அவருடைய ஆலையில் நடந்த போராட்டத்தில் தொழிலாளர்கள் உயிரிழந்ததையும் மறப்பதற்கில்லை. ஆனாலும் இளமையில் பெற்ற உதவியை அவர் மறக்கவில்லை. அலெகெனிக்கு அவர் கட்டித் தந்த நூலகம் 1890-இல் திறக்கப்பட்டது. ஆண்டர்சனுக்கு ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பினார். வேலைக்கு நடுவே புத்தகம் படிக்கும் ஒரு தொழிலாளியின் சிலை அதில் உண்டு.

இனி, இந்த நகரம் மறைந்த கதை. 1900-இல் அலெகெனியின் மக்கள் தொகை சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம். பிட்ஸ்பர்க்கில் 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். இரண்டையும் ஒன்றாக்க 1906-இல் மாநிலச் சட்டம் வந்தது. இரண்டு ஊர் வாக்குகளையும் ஒரே பெட்டியில் போட்டதுபோல் சேர்த்து எண்ண வேண்டும் என்றது அந்தச் சட்டம். பெரிய தோட்டமும் சின்னத் தோட்டமும் சேர்ந்து கை தூக்கினால் யார் பக்கம் ஜெயிக்கும்? அலெகெனி வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். அந்தக் குரல் பிட்ஸ்பர்க்கின் வாக்கு வெள்ளத்தில் மூழ்கிப்போனது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை, வழக்குத் தொடுத்தார்கள். "எங்கள் வரிப்பணத்தில் எங்கள் ஊரைச் சீராக்கிவிட்டோம், அடுத்த ஊரின் கடனையும் ஏன் சுமக்க வேண்டும்?" என்பது அவர்கள் வாதம். 1907 நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகரங்கள் மாநிலம் உண்டாக்கியவை. மக்கள் சம்மதம் இல்லாமலும் மாநிலம் அவற்றை மாற்றலாம் என்றது. அடுத்த மாதமே அலெகெனி நகரம் இல்லாமற்போனது.

பிறகு பெயர்களும் போயின. இரண்டு ஊரிலும் ஒரே பெயரில் இருந்த தெருக்களுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். பழைய நகர மண்டபத்தை இடித்த இடத்தில் 1939-இல் கோளரங்கம் எழுந்தது. 1960-களில் பேரங்காடி கட்டுவதற்காகச் சுமார் 500 கட்டடங்களை இடித்துத் தள்ளினார்கள். ஊரின் உயிராக இருந்த சந்தைக் கட்டடமும் அதில் போயிற்று. அந்தப் பேரங்காடியும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. கடைகள் போய் அலுவலகங்கள் வந்துவிட்டன.

எஞ்சியது என்ன தெரியுமா? எல்லாருக்கும் பொதுவாக இருந்தவைதாம். மேய்ச்சல் நிலம் இன்றும் பூங்காவாக இருக்கிறது. பழைய நூலகக் கட்டடம் சிறுவர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. புத்தகம் படிக்கும் தொழிலாளி சிலையை இடையில் அகற்றினாலும், 1988-இல் நினைவுச் சின்னத்தை மீண்டும் அமைத்தார்கள்.

வாசகர்களே, டவுன் வளர்ந்து தோட்டத்து எல்லையைத் தொடுவதை நாமும் கண்டவர்கள். உங்கள் வீடு எந்த நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது, முடிவெடுப்பவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரட்டுக் களம் எங்கே இருந்தது, கோயிலையும் பள்ளியையும் கட்டியவர்கள் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் கேட்கும்போது, எடுத்துக் காட்ட அது உதவும்.