டெப்பை உடைத்தது அந்தப் பிள்ளை இல்லை



பதிவு கொஞ்சம் நீளம். ஆனாலும் எங்கட ஊர் ஆட்கள் கடைசி வரைக்கும் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பிள்ளையைப் பற்றி மூன்று கிழமையாக ஊருக்குள் பிழையான கதையொன்று போகிறது. அந்தக் கதையைத் தொடக்கிவைத்தது நான்தான். பிள்ளையின் வாப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. தெரிந்தவர்களும் கொமண்டில் போட வேண்டாம்.

எங்கள் கணினி அறையில் ஆறு டெப்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கித் தந்தவை. விலை குறைந்த விண்டோஸ் டெப்கள். 2 ஜிபி ரெம், 32 ஜிபி சேமிப்பு. ஒரு படத்தைத் திறக்க ஒரு பிளேன்டி குடித்துவிட்டு வரலாம். பழைய மாணவர் ஒருவர் கட்டாருக்குப் போக முன்னர் நாலு நாள் இருந்து ஆறுக்கும் லினக்ஸ் போட்டுத் தந்தார். அதற்குப் பிறகு நல்லா ஓடின.

தவணை தொடங்கிய முதல் கிழமை. தரம் 9. இலக்கம் 3 டெப் அந்தப் பிள்ளையின் கையில் இருந்தது.

"சேர், டச் வேல செய்யுதில்ல."

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான், விரலை எங்கே வைத்தாலும் அசைவில்லை. டெப்பைத் திருப்பினேன். ஒரு மூலையில் பிளாஸ்டிக் வெடித்திருந்தது.

"விழுத்தினியா?"

"இல்ல சேர். நான் தொட முன்னமே இப்பிடித்தான் இரிந்திச்சி."

"தொட முன்னமே டச் வேல செய்யல்ல எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பகிடி எனக்கு அப்போது பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை கல்முனையில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த தம்பி வெடித்த மூலையைப் பார்த்துவிட்டு, டச் கண்ணாடி மாற்ற வேண்டும், பதினெட்டாயிரம் வரும் என்றார். அவரில் பிழையில்லை. விழுந்து உடைந்தது என்று சொல்லிக்கொண்டே கொடுத்தது நான். அதையே ஸ்டாஃப் ரூமிலும் சொன்னேன். அங்கிருந்து அது எப்படித் தேத்தண்ணிக் கடை வரைக்கும் போனது என்று உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

அடுத்த கிழமை இஷாவுக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் வாப்பா வீட்டுக்கு வந்தார். கொத்து வேலை செய்கிறவர். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டாயிரம் ரூபாவை எடுத்தார்.

"சேர், இத வெச்சிக்கிங்க. மாசம் மாசம் ரெண்டாயிரம் படி தாறன். அவன்ட படிப்ப மட்டும் பாத்துக்கிங்க. இப்ப கம்பியூட்டர் ரூமுக்குள்ள போகமாட்டன் எண்டு நிக்கான்."

"அவசரமில்ல காக்கா" என்றேன். ஆனால் காசை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் போன பிறகு அந்த இரண்டாயிரமும் டெப்பும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. எழுதி ஒட்டியிருந்த "3" என்ற இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இதுவரை நான் அந்த டெப்பின் வெளிப்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்பது பட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற ஆள் நான்.

இனிக் கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், இது விளங்கினால்தான் மற்றது விளங்கும்.

டச் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. விரல் கிட்ட வந்தால் அந்த இடத்தில் மின்னேற்றம் கொஞ்சம் மாறும். வுழூ செய்த ஈரக் கையோடு போனைத் தொட்டால் அது பைத்தியம் பிடித்த மாதிரி ஆடுவது இதனால்தான், தண்ணீரும் விரல் மாதிரித் தெரியும். அந்த மாற்றத்தை அளந்து விரல் எந்த இடத்தில் என்று கணக்குப் பார்ப்பது ஒரு சின்னச் சிப். அது இரண்டே இரண்டு கம்பிகளில் கணினியோடு கதைக்கும். ஐ-டூ-சி என்று பெயர், பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் உண்டாக்கிய முறை. சிப் கதைப்பது ஒரு பாஷை, லினக்ஸுக்கு விளங்குவது இன்னொரு பாஷை. நடுவில் நிற்பதுதான் டிரைவர். பஸ் ஓட்டுகிறவர் இல்லை. கந்தோரில் சிங்களம் தெரியாத உம்மாமாருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிற பிள்ளை மாதிரி.

லினக்ஸில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. இயந்திரம் எழும்பும்போது ஒவ்வொரு டிரைவரும் என்ன செய்தது, எதில் தடக்கியது என்று வரி வரியாக எழுதிவைக்கும். டிமெசேஜ் என்ற கட்டளையைக் கொடுத்தால் எல்லாவற்றையும் வாசிக்கலாம். மவுஸையும் கீபோர்டையும் கொழுவி, அதைக் கொடுத்து, டச் சம்பந்தமான வரிகளைத் தேடினேன். இரண்டு வரி இருந்தது. சாரம் இதுதான்: "சிலீட் டச் டிரைவர்: எம்எஸ்எஸ்எல்1680 என்ற ஃபேம்வெயார் கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை இலக்கம் -2."

-2 என்றால் லினக்ஸில் "அப்படி ஒரு கோப்பு இல்லை". அவ்வளவுதான். உடைந்தது என்றோ பழுது என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

அந்த டிரைவரின் மூல நிரல் யாரும் வாசிக்கலாம் என்று திறந்தே கிடக்கிறது. முதலில் எழுதியவர் இன்டெல்லில் இருந்த ரொபர்ட் டொல்கா. நானும் திறந்து வாசித்தேன். என் அறிவுக்கு எல்லாம் விளங்கவில்லை, ஆனால் ஒழுங்கு விளங்கியது. முதலில் சிப்புக்கு மின் கொடுக்கிறது. பிறகு "நீ யார்?" என்று அதன் அடையாள இலக்கத்தைக் கேட்கிறது. பதில் வராவிட்டால் அந்த இடத்திலேயே கைவிட்டுவிடும், எழுதப்படுகிற பிழையும் வேறாக இருக்கும். பதில் வந்தால் மட்டும்தான் அடுத்த படிக்குப் போய் ஃபேம்வெயார் கோப்பைத் தேடும். எங்கள் டெப் கோப்பைத் தேடியிருக்கிறது. அப்படியானால் சிப் பதில் சொல்லியிருக்கிறது. அது சாகவில்லை.

ஷங்ஹாயில் உள்ள சிலீட் என்ற நிறுவனத்தின் ஜிஎஸ்எல்1680 சிப் அது. தன் வேலைக்கான நிரலைத் தனக்குள்ளே வைத்திருக்க அதில் இடமில்லை. மின் நிறுத்தினால் எல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் டிரைவர்தான் அந்தக் கோப்பை எடுத்து ஊட்ட வேண்டும். கோப்பும் எல்லா டெப்புக்கும் ஒன்றில்லை, ஒவ்வொரு கண்ணாடிக்கும் தக்க மாதிரி வேறு வேறு. விண்டோஸ் டெப்பாக வாங்கும்போது விண்டோஸ் டிரைவரோடு சேர்ந்து உள்ளே இருக்கும். லினக்ஸ் போட்டால் நாங்கள்தான் தேடி வைக்க வேண்டும்.

அந்த இடத்தில்தான் எனக்கு வேர்த்தது.

தவணை விடுமுறையில் இலக்கம் 3இல் இடம் நிரம்பி அப்டேட் ஏறாமல் நின்றது. ஒரு பின்னேரம் நானே உட்கார்ந்து அதை முழுதாக அழித்துப் புதிய லினக்ஸ் போட்டேன். மவுஸ், கீபோர்ட் கொழுவித்தான் வேலை செய்தேன். முடியும்போது மஃரிப் பாங்கு சொல்லிவிட்டது. நிறுத்திப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனேன். திரையை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்க்கவில்லை. கட்டாருக்குப் போன அந்த மாணவர் கஷ்டப்பட்டுத் தேடி உள்ளே வைத்திருந்த கோப்பையும் நான் மற்ற எல்லாவற்றோடும் சேர்த்து அழித்திருக்கிறேன். பிள்ளை சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அவன் தொட முன்னமே அது அப்படித்தான் இருந்தது.

அடுத்த நாள் விடியவே பாடசாலைக்குப் போய் இன்வென்டரி புத்தகத்தை எடுத்தேன். போன வருடப் பக்கத்தில், என்னுடைய கையெழுத்தில்: "இல. 3 – மூலையில் வெடிப்பு."

இலக்கம் 4ஐத் திறந்து, அதே கோப்புறையில் இருந்த கோப்பைப் பென் டிரைவில் எடுத்து 3இல் வைத்தேன். நிறுத்தி எழுப்பினேன். பிழை வரி இல்லை. வரைதல் மென்பொருளைத் திறந்து விரலால் திரை நிறைய "அ" என்று எழுதினேன். திரையின் மேல் இடது மூலையில் தபால் முத்திரை அளவுக்கு ஒரு "அ" விழுந்தது. அதுவும் தலைகீழாக.

ஒரு நிமிடம் என் மனசு எங்கே போனது என்று சொல்கிறேன். "அப்ப கண்ணாடியும் உடைஞ்சிதான் இரிக்கி." அவ்வளவு பார்த்த பிறகும் அந்த எண்ணம்தான் முதலில் வந்தது. மிச்சத்தைத் தனியாகச் செய்யக்கூடாது என்று அப்போது முடிவெடுத்தேன்.

முதலாம் பாடம் தரம் 9. பிள்ளைகள் இருந்ததும் நடந்ததைச் சொன்னேன். டெப்பைப் பழுதாக்கியது நான், விடுமுறையில். அவன் சொன்னது உண்மை. நான் பகிடி பண்ணியது பிழை, அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதைத்தான் சொன்னேன், பெரிதாக ஒன்றும் இல்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. அவன் எழும்பி நின்று ஒரு கேள்விதான் கேட்டான்.

"அப்ப வாப்பாட காசு, சேர்?"

"இண்டைக்கு ராவைக்கே கொண்டு வந்து தாறன் மகன்."

"சரி சேர்" என்றுவிட்டு இருந்தான்.

பிறகு அவனைக் கூப்பிட்டு மிச்ச வேலையைச் சேர்ந்து செய்தோம். ஈவிடெஸ்ட் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது, விரல் வைக்கிற இடத்துக்குச் சிப் என்ன இலக்கம் அனுப்புகிறது என்று அப்படியே காட்டும். அவன் நான்கு மூலையிலும் விரலை வைத்து இலக்கத்தைச் சொல்ல, இன்னொரு பிள்ளை பலகையில் எழுதியது. இடமிருந்து வலம் 0இலிருந்து ஏறக்குறைய 1660 வரை. மேலிருந்து கீழ் 1140இலிருந்து 0 வரை. ஆனால் டிரைவரோ, வேறு விதமாகச் சொல்லாவிட்டால் இரண்டு பக்கமும் 4095 வரை போகும் என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் எழுத்து மூலைக்குள் சுருங்கியது. மேல் கீழ் மாறி வந்ததால் தலைகீழ். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை.

அவனே கல்குலேட்டரில் போட்டான். 4095ஐ 1660ஆல் பிரித்தால் 2.47. 4095ஐ 1140ஆல் பிரித்தால் 3.59, தலைகீழாக இருப்பதால் முன்னால் ஒரு சய அடையாளம். இலக்கம் 4இன் அமைப்புக் கோப்புகளைத் தேடிப்போனால், அந்த மாணவர் எழுதிவைத்த ஒற்றை வரியில் 2.46, -3.59 என்று கிடந்தது. "நம்மட கணக்கு சரி சேர்" என்றான். மூன்று கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துக் கதைத்தான்.

ஒரு பக்கக் கதை. இந்த மாதிரி டெப்களுக்கு எந்த ஃபேம்வெயார், எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் தலைகீழ் என்று நீண்ட பட்டியல் ஒன்று லினக்ஸ் கேர்னலுக்குள்ளேயே இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் டி ஹூடே என்பவரும் உலகம் முழுக்கப் பலரும் ஒவ்வொரு டெப்பாகச் சேர்த்தது. எங்களுடையது அதில் ஏன் பிடிபடவில்லை என்று பார்த்தேன். டெப் தன்னை யார் என்று சொல்கிற இடத்தில், செய்தவர்கள் பெயரே போடாமல் விட்டிருக்கிறார்கள். "உற்பத்தியாளர் நிரப்ப வேண்டும்" என்ற வெற்றுப் படிவ வரி அப்படியே இருக்கிறது. பெயர் எழுதாத பரீட்சைத் தாள் மாதிரி. பிள்ளைகளுக்கு அதைப் பார்த்துச் சரியான சிரிப்பு.

அன்று இஷாவுக்குப் பிறகு அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். காக்கா காசை எண்ணிப் பார்க்காமல் வைத்துக்கொண்டார். உம்மா உள்ளிருந்து, "அப்ப ஊருக்குள்ள கதைக்கிறத்துக்கு என்ன செய்ற சேர்?" என்று கேட்டா. அதனால்தான் இந்தப் பதிவு. பள்ளியிலோ கடையிலோ யாராவது "டெப்ப உடைச்ச பொடியன்" என்று சொன்னால், உடைத்தது சேர் என்று திருத்திவிடுங்கள். கடைக்குச் சொல்லியாயிற்று, ஸ்டாஃப் ரூமிலும் சொல்லியாயிற்று.

இன்னொன்று. வீட்டு அலுமாரிக்குள் ஃபோமட் பண்ணிய பிறகு டச் செத்துப்போன பழைய விண்டோஸ் டெப் யாரிடமாவது கிடந்தால், கண்ணாடி மாற்றக் காசு கொடுக்க முன்னர் சனிக்கிழமை பத்து மணிக்குக் கணினி அறைக்குக் கொண்டு வாருங்கள். சாஜரையும் எடுத்து வாருங்கள். விண்டோஸ் இன்னும் உள்ளே இருந்தால் அழிக்க வேண்டாம், அந்தக் கோப்பு அதற்குள்தான் இருக்கும். பார்ப்பதற்கு நானும் தரம் 9 பிள்ளைகள் நாலு பேரும் இருப்போம், இன்ஷா அல்லாஹ். அவனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

வஸ்ஸலாம்.