குஞ்சுகள் வெளியேறிய பின்பு



குஞ்சு பொரித்து முடிந்த இன்குபேட்டரின் உட்புறத்தை நீங்கள் பார்த்ததுண்டா? உடைந்த ஓடுகள், காய்ந்த சவ்வு, குஞ்சுகளின் முதல் எச்சம், எங்கும் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய தூவி, பொரியாமல் அழுகிய ஓரிரு முட்டைகள். எத்தனை அதிகமாய்ப் பொரித்ததோ அத்தனை அதிகமாய் இவையும் கிடக்கும். ஆனால் நன்றாய்ப் பொரித்த மகிழ்ச்சியிலே, மறுநாளே அடுத்த முட்டைகளை அடுக்கிவிடுகிறவர்கள் உண்டு.

கோழிக்கரு வளர 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். 21 நாட்களில் இறுதி மூன்று நாட்களுக்கு ஈரப்பதமும் கூடுதலாய் வேண்டும். கிருமிகளும் செழித்து வளரும் சூழல் அதுவே. பெட்டிக்குப் பிரித்தறியத் தெரியாது. உள்ளே விடப்பட்டது எதுவோ, அதை வளர்க்கும். முட்டை ஓட்டிலே கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கரு சுவாசிக்கும் அந்த வழியாகவே கிருமியும் நுழையக்கூடும். தப்பிப் பொரித்த குஞ்சுக்கும் தொப்புள் ஆறும்வரை ஆபத்து உண்டு.

நம் சபையின் சகோதரி ஒருவர், கணவரை இழந்தபின் மகளிர் குழுக் கடனில் இப்படியொரு பெட்டி வாங்கி, நாட்டுக்கோழிக் குஞ்சு விற்றுப் பிழைக்கிறார். முதல் முறை நன்றாய் வந்தது. இரண்டாம் முறை வந்த குஞ்சுகளோ வயிறு ஊதி, தொப்புள் ஈரம் உலராமலே, ஒரு வாரத்திற்குள் பாதிக்கு மேல் மடிந்தன. கடன் தவணை காத்திருக்கவில்லை. "கண்ணூறு பட்டிருக்கும் ஐயா, வந்து ஜெபம்பண்ணுங்கள்" என்றார். சென்று ஜெபித்தேன். அதன்பின் பெட்டியைத் திறந்து மின்விசிறியைக் காட்டச் சொன்னேன். பழைய தூவி அதன் இறக்கைகளில் பஞ்சாய்ச் சுற்றியிருந்தது.

லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தில், தோஷம் கண்ட வீட்டைக் குறித்த பிரமாணத்தை நாம் வேகமாய் வாசித்துக் கடந்துவிடுகிறோம். ஆசாரியன் முதலாவது வீட்டை ஒழித்துவைக்கச் சொல்லுகிறான். பார்வையிட்டு, ஏழு நாள் அடைத்துவைக்கிறான். தோஷம் பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, சுவர்களைச் சுரண்டி, மண்ணைப் பட்டணத்துக்குப் புறம்பே கொட்டி, புதிதாய்ப் பூசவேண்டும். அதன்பின்னும் தோஷம் பரவாதிருந்தால் மாத்திரமே சுத்திகரிப்பின் தெளிப்பு. சுரண்டுதல் முந்தியது, தெளித்தல் பிந்தியது. வீட்டு ஜெபத்துக்கு அழைக்கிற சிலர் தெளிப்பை மாத்திரம் கேட்கிறார்கள். உடன்பிறந்தவனோடு பேசாத பத்து ஆண்டுகள் அப்படியே சுவரில் இருக்கும். அதைப் பிறிதொரு வாரம் பேசுவோம்.

பெட்டியிலும் இதே வரிசைதான். மின்னிணைப்பைத் துண்டியுங்கள். தூவி பறந்து மூச்சில் ஏறாதபடி மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, லேசாய் ஈரப்படுத்தித் துடைத்தெடுங்கள். தட்டுகளை வெந்நீரிலும் சோப்பிலும் தேய்த்துக் கழுவுங்கள். அதன்பின்பே கிருமிநாசினி. எச்சமும் மஞ்சள்கருவும் ஒட்டிய இடத்தில் மருந்தின் வீரியம் அழுக்கோடே செலவாகிப்போகும். அடியிலிருக்கும் கிருமி பிழைத்துக்கொள்ளும். மின்விசிறி, வெப்பமூட்டி, வெப்பமானி ஆகியவற்றின்மேல் நீர் ஊற்றலாகாது. அவை ஆறியபின், ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். உங்கள் கைகளையும் கழுவிக்கொள்ளுங்கள். அந்த அழுக்கிலிருக்கும் சால்மோனெல்லா கிருமி மனிதரையும் பாதிக்கும்.

எல்லாம் நன்றாய் உலர்ந்தபின், ஒரு நாள் முழுவதும் வெறும்பெட்டியை ஓட்டி, வெப்பம் நிலையாய் நிற்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு நாளை நட்டமாய் எண்ணிப் பலர் அஞ்சுகிறார்கள். சேர்த்துவைத்த முட்டைகளைக் கூர்முனை கீழாக, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஒரு வாரம் வரை அவை பொறுத்திருக்கும்.